முப்பத்தைந்தில் ஒரு பங்கு

பணி மாறுதலில் புனே நகருக்கு வந்த இரண்டாம் ஆண்டின் கோடை விடுமுறையில், பன்னிரண்டு வயது மகளையும் ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியையும் அழைத்துக்கொண்டு அகமதுநகருக்குச் சென்றோம். அகில்யாநகர் என்று இன்று பெயர் மாற்றம் பெற்றிருக்கும் அவ்வூர், புனேயிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இந்தியத் தரைப்படையின் கவசப் பிரிவினருக்குப் பயிற்சி அளிக்கும் மையம் அங்கே இருக்கிறது. அதன் பொறுப்பில் 1994 முதல் டாங்கிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் நடைபெற்று வருகிறது.

மரங்களுக்கிடையே திறந்த வெளியில் டாங்கிகள் வரிசையாக நிற்கின்றன. ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் காரின் மீது எஃகுத் தகடு பொருத்தி உருவாக்கிய பழைய கவச வாகனத்தைக் கண்டோம். போரில் கைப்பற்றப்பட்ட பாட்டன் டாங்கியைக் கண்டோம். விஜயந்தாவின் முன் நின்று, “இது சென்னையை அடுத்த ஆவடியில் செய்தது” என்று சொன்னபோது, அதுவரை வெயிலைக் குறை கூறிக்கொண்டிருந்த பாட்டி, “நம்ம ஆவடியா?” என்று அருகில் சென்று அதன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது செஞ்சூரியன். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் பிரிட்டனில் உருவான இந்த டாங்கியை, 1950களில் இந்தியா வாங்கியது. 1965, 1971 ஆகிய இரு போர்களிலும் அது களம் கண்டது. 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றையொட்டி நிகழ்ந்த டாங்கிப் போரில், பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் வீரமரணம் எய்தினார். தீப்பற்றிய வண்டியை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டும், பீரங்கி இன்னும் இயங்குகிறது என்று கூறி அவர் தொடர்ந்து போரிட்டார். அப்போது அவருக்கு வயது 21. மறைவுக்குப்பின் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. அவர் ஏறிச் சென்ற செஞ்சூரியனின் பெயர் ‘ஃபமகுஸ்தா’. அந்த வண்டி அகமதுநகரில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. கேத்ரபால் பிறந்தது நாங்கள் குடியிருக்கும் புனேயில் என்பதை மகள் அன்றுதான் அறிந்தாள்.

“இதற்குள் எத்தனை பேர் இருப்பார்கள்? சன்னலே காணோமே?” என்று அவள் கேட்டாள். நான்கு பேர். வண்டித் தலைவர், பீரங்கியைச் சுடுபவர், அதில் குண்டு நிரப்புபவர் ஆகிய மூவரும் மேலே சுழலும் கோபுரத்தில் இருப்பார்கள். நான்காமவராகிய ஓட்டுநர் மட்டும் கீழே, வண்டியின் முன்பகுதியில் வலப்புறமாகத் தனியே அமர்ந்திருப்பார். இவ்வளவையும் வழிகாட்டிப் பலகையைப் படித்தும் அங்கிருந்தவர்களிடம் கேட்டும் சொன்னோம். அவள் மேலும் கேட்ட கேள்விகளுக்கு எங்களிடம் விடை இல்லை.

வீடு திரும்பியதும் பிறந்தநாள் பரிசாக அவள் கேட்டது, செஞ்சூரியன் டாங்கியின் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டி. பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. “கொலைக் கருவியைச் செய்து கொலுவிலா வைக்கப் போகிறீர்கள்?” என்றார். நியாயமான கேள்வி என்று எங்களுக்கும் தோன்றியது. விடை தெரியாமலேயே பெட்டியை வாங்கினோம்.

அளவுக் கணக்கு

பெட்டியின் மீது 1/35 என்று அச்சிட்டிருந்தது. உண்மை வண்டியின் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கின்றன என்பது அதன் பொருள். விந்தையான இந்த எண் பிறந்த கதை சுவையானது. ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பேந்தர் டாங்கியை மாதிரியாக வெளியிட்டது. உள்ளே ஒரு மோட்டாரும் மின்கலங்களும் வைத்து வண்டியை ஓடச் செய்ய வேண்டும் என்பது அவர்கள் திட்டம். அவை அடங்கும் அளவில் உடற்பகுதியை அமைத்துவிட்டுக் கணக்கிட்டபோது, ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று வந்தது. பிற நிறுவனங்களும் அதையே பின்பற்றியதால், டாங்கி மாதிரிகளுக்கு அது உலக வழக்காகிவிட்டது. இதனினும் சிறிய 1/48, 1/72 அளவுகளிலும் மாதிரிகள் கிடைக்கின்றன.

வணிகவியல் படித்தவர்களுக்குக் கணக்கைக் கண்டால் கை சும்மா இராது. பீரங்கியை முன்னோக்கி நீட்டிய நிலையில் செஞ்சூரியனின் நீளம் ஏறத்தாழ 9.8 மீட்டர். மாதிரியில் அது 28 சென்டிமீட்டர். எடையின் கணக்கு வேறு. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 35-ஐ மும்முறை பெருக்கி, வரும் 42,875-ஆல் வகுக்க வேண்டும். 51 டன் எடையுள்ள செஞ்சூரியனை அதே உலோகத்தில் இந்த அளவுக்குச் சுருக்கினால், ஏறத்தாழ 1 கிலோ 200 கிராம்தான் இருக்கும். ஒன்றே முக்கால் மீட்டர் உயரமுள்ள வீரர் ஐந்து சென்டிமீட்டர் உயரமாகிவிடுவார். மகள் தன் சுட்டுவிரலை மடித்து, நீட்டி, “இவ்வளவுதானா?” என்று அளந்து பார்த்தாள்.

இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. மாதிரியில் நாம் விடும் அரை மில்லிமீட்டர் இடைவெளி, உண்மை வண்டியில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் அகலமுள்ள விரிசலுக்குச் சமம். சிறு பிழை என்று இதில் எதையும் தள்ளிவிட முடியாது.

வெட்டுதலும் ஒட்டுதலும்

பெட்டியைத் திறந்தால் வண்டி இராது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்த சட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு சட்டத்திலும் உறுப்புகள், கொடியில் காய் தொங்குவதுபோல், சிறு காம்புகளால் இணைந்திருக்கும். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப்பசை அவற்றில் ஒட்டியிருக்கக்கூடும். ஆகவே முதல் வேலை, வெதுவெதுப்பான சோப்பு நீரில் சட்டங்களைக் கழுவி உலர்த்துவது. இதைச் செய்யாவிட்டால் பின்னால் வண்ணம் உரியும்.

உறுப்பைக் கையால் திருகிப் பிய்க்கக் கூடாது. கூரிய வெட்டுக்குறட்டால் காம்பைச் சற்றுத் தள்ளி வெட்டி, எஞ்சியதைக் கத்தியால் மெல்லச் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். 400 எண் தாளில் தொடங்கி 1000 வரை படிப்படியாகச் செல்வது நல்லது. பள்ளங்கள் தென்பட்டால் வீட்டுச் சுவருக்குச் செய்வதுபோலவே பட்டி பார்த்துத் தேய்க்க வேண்டும்.

ஒட்டுவதற்குப் பயன்படுவது சாதாரணப் பசை அன்று. அது பிளாஸ்டிக்கைச் சற்றே கரைக்கும் திரவம். இரு உறுப்புகளைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகையால் தொட்டால் போதும். திரவம் தானாக உள்ளே பரவி இரண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். உலர்ந்தபின் அது ஒட்டு என்பதைவிடப் பற்றவைப்பு என்றே சொல்லலாம். ஆகவே தவறாக ஒட்டியதைப் பிரிப்பது மிகக் கடினம். இந்தத் திரவத்தின் ஆவி உடலுக்கு நல்லதன்று. சன்னல் திறந்திருக்க வேண்டும். குழந்தைகள் செய்கையில் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

சக்கரங்களில்தான் எங்களுக்கு முதல் பாடம் கிடைத்தது. செஞ்சூரியனுக்குப் பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள். பன்னிரண்டும் ஒரே மட்டத்தில் தரையைத் தொட வேண்டும். அவசரத்தில் ஒட்டியதில், இடப்புறத்து மூன்றாம் சக்கரம் ஒரு தாள் கனத்துக்கு உயர்ந்து நின்றது. இரவு உணவுக்குப்பின் அதைக் கவனித்தோம். நல்லவேளையாக ஒட்டு முழுதும் இறுகவில்லை. வண்டியைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, சக்கரங்களை அழுத்திச் சமன் செய்து, மேலே இரண்டு கணக்குப் பேரேடுகளை ஏற்றி வைத்து உறங்கப் போனோம். காலையில் எல்லாம் நேராக இருந்தன.

ஒரு நாள் மாலை, இழுவைக் கயிறு மாட்டும் கொக்கி ஒன்று இடுக்கியிலிருந்து தெறித்து மறைந்தது. அரிசி மணியளவுகூட இராத உறுப்பு. மாலையில் ரொக்கம் நேராகாவிட்டால் காசாளர் எழுந்து போக முடியாது என்பது எங்கள் தொழில் வழக்கம். அதே முறையில் தரையைச் சதுரம் சதுரமாகப் பிரித்துத் தேடினோம். முக்கால் மணி நேரத்துக்குப்பின், எங்கள் வேலையைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பாட்டியின் புடவை மடிப்பில் அது கிடைத்தது. அன்று முதல் அவரும் மேசைக்கு அருகிலேயே அமரத் தொடங்கினார்.

ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள இரட்டைக் கதவைத் திறந்த நிலையிலோ மூடிய நிலையிலோ ஒட்டலாம். உள்ளே இருக்கை முதலியன எதுவும் கிடையாது. வெற்றிடம் தெரிந்தால் நன்றாக இராதென்று மூடிய நிலையில் ஒட்டினோம். திரவம் சற்று அதிகமாகவே பாய்ந்துவிட்டது. பீரங்கியை, பெட்டியின் படத்தில் உள்ளபடி நேர் முன்னோக்கி வைத்தோம். அவை இரண்டும் முடிவுகள் என்றுகூட அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

வண்ணம்

ஆகஸ்டு மாதத்தில் வண்ண வேலை தொடங்கியது. முதலில் சாம்பல் நிறப் பிரைமர். பலவகைக் கறைகளும் பட்டியும் மறைந்து வண்டி முழுதும் ஒரே நிறமானவுடன், அதுவரை கண்ணில் படாத கீறல்கள் எல்லாம் வெளிப்பட்டன. தணிக்கையாளர் வந்தது போலிருந்தது. மீண்டும் பட்டி, மீண்டும் உப்புத்தாள்.

அடுத்து அடர்பச்சை. இங்கே புதியவர்கள் தவறாமல் இடறும் ஓர் இடம் உண்டு. படைவண்டியின் உண்மையான வண்ணத்தை அப்படியே மாதிரிக்குப் பூசினால், அது மிகக் கறுத்துத் தோன்றும். பெரிய பொருளைத் தொலைவிலிருந்து பார்க்கும்போது இடையிலுள்ள காற்றும் ஒளியும் அதன் நிறத்தைச் சற்று வெளிறச் செய்கின்றன. கைக்கெட்டும் தொலைவில் வைத்துப் பார்க்கும் சிறிய பொருளுக்கு அந்த வெளிறலை நாமே சேர்க்க வேண்டும். பச்சையில் சிறிது வெளிர்மஞ்சளும் வெள்ளையும் கலந்தோம். கனமாக ஒருமுறை பூசுவதைவிட, நீர்த்த வண்ணத்தை மெல்லிய மூன்று பூச்சுகளாகப் பூசுவது மேல். கனத்த பூச்சு, திருகுகளின் தலைகளையும் மூட்டுகளின் கோடுகளையும் மூழ்கடித்துவிடும்.

வண்ணத்தின் மேல் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு. அது உலர்ந்தபின், பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் மிக நீர்க்கக் கரைத்து, மூட்டுகளிலும் மூலைகளிலும் நுனித் தூரிகையால் தொட்டோம். பளபளப்பான பரப்பில் அது இடுக்குகளை நாடித் தானே ஓடியது. தட்டையாக இருந்த வண்டிக்கு ஆழம் வந்தது. பெட்டியில் இருந்த ஒட்டுச் சின்னங்கள் பிரிட்டிஷ் படைக்கு உரியவை. எங்கள் வண்டி பஞ்சாபின் மண்ணில் ஓடியது என்று தீர்மானித்திருந்ததால், அவற்றை ஒதுக்கிவிட்டோம்.

பளபளப்பை நீக்க, இறுதியில் மங்கல் வார்னிஷ் தெளிக்க வேண்டும். புனேயின் மழைக்காலம் அப்போது முடிந்திருக்கவில்லை. ஈரம் மிகுந்த ஒரு மாலையில், பொறுமையிழந்து தெளித்தோம். கண்ணெதிரே வண்டி முழுதும் பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிட்டது. மகள் பேசாமல் உள்ளே போய்விட்டாள். ஈரக்காற்றில் மங்கல் வார்னிஷ் இவ்வாறு வெளுப்பது இக்கலையில் நன்கு அறியப்பட்ட விபத்து என்று பின்னர் படித்தறிந்தோம். வறண்ட நாளொன்றில் மீண்டும் பளபளப்பு வார்னிஷைப் பூசினால், பெரும்பாலும் வெளுப்பு மறைந்துவிடும். எங்களுக்கும் மறைந்தது. ஆனால் அதற்காக ஒன்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நவராத்திரிக்கு முன் வண்டி முடிந்தது. கொலுப்படியில் அதற்கு இடமில்லை என்று பாட்டி சொல்லிவிட்டார். புத்தக அலமாரியில் வைத்தோம். புத்தம் புதிதாக மின்னியது. எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

ஓட்டுநரின் கதவு

நவம்பர் மாதம் ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்று அளிக்கும் மாதம். 80 வயது கடந்தோர் அக்டோபரிலேயே அளிக்கலாம் என்றாலும், நவம்பரின் முதல் வாரத்தில் எங்கள் கிளை நிரம்பி வழியும். சக அலுவலர் ஒருவர் பார்க்க விரும்பியதால், அன்று டாங்கியைக் கொண்டுவந்து மேசையோரம் வைத்திருந்தோம்.

எதிரில் அமர்ந்திருந்த முதியவருக்கு வயது 75. இராணுவத்தின் கவசப் பிரிவில் தஃபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். குதிரைப்படைக் காலத்துப் பதவிப் பெயர்கள் அப்பிரிவில் இன்றும் தொடர்கின்றன. கைரேகைக் கருவி அவர் விரலை மூன்று முறை ஏற்க மறுத்தது. உழைத்துத் தேய்ந்த விரல்களுக்கு இது நேர்வதுண்டு. முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் வசதி கைப்பேசியில் இருக்கிறது, கவலை வேண்டாம் என்று கூறி, அதைத் தொடங்கினோம். அதற்குள் அவர் பார்வை டாங்கியின்மீது விழுந்துவிட்டது.

“செஞ்சூரியன்” என்றார். கையில் எடுக்கலாமா என்று கேட்டு எடுத்தார். ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, முன்பகுதியின் வலப்புறத்தில் விரலை வைத்தார்.

“சாஹேப், நான் இங்கே இருந்தேன். கதவை ஏன் மூடிவிட்டீர்கள்?”

உள்ளே ஒன்றும் இல்லை, காலியாகத் தெரியும் என்பதால் மூடினோம் என்றோம். அவர் தலையசைத்தார். வரிசையில் காத்திருந்தவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சுருக்கமாகச் சொன்னார். அவர் இந்தியில் கூறியதன் சாரம் இது.

மேலே இருக்கும் மூவரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்ளும் தூரத்தில் இருப்பார்கள். ஓட்டுநருக்குக் காதில் ஒலிக்கும் குரல் மட்டுமே துணை. கதவை மூடிவிட்டால், உலகம் எதிரே உள்ள கண்ணாடிப் பட்டையின் அளவுதான். எல்லாவற்றையும்விட அவர் அஞ்சியது ஒன்றைத்தான். பீரங்கிக் குழல் தலைக்கு மேலே குறுக்காக நின்றுவிட்டால், கதவு திறக்காது. செஞ்சூரியனோ பெட்ரோலில் ஓடும் வண்டி.

1971 டிசம்பரில் ஷகர்கட் பகுதியில், ஓர் இரவு அவருடைய வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. சங்கிலிப் பட்டை அறுந்தது. மின்சாரம் நின்றது. உள்ளே புகை. கதவைத் தள்ளினார். அரை அங்குலம் உயர்ந்து குழலில் இடித்து நின்றது. மேலே இருந்தவர்கள் வெளியே குதிக்கும் ஓசை கேட்டது. பிறகு, கோபுரம் மெல்ல அசையும் ஓசை கேட்டது. பீரங்கியைச் சுடும் வீரர் மட்டும் இறங்காமல், இருட்டில் கைச்சக்கரத்தைப் பிடித்துச் சுற்றிக் குழலை விலக்கிக்கொண்டிருந்தார்.

“அவன் சுற்றியிருக்க வேண்டியதில்லை. இறங்கி ஓடியிருக்கலாம்” என்றார் முதியவர். அந்த நண்பர் போருக்குப்பின் ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தாராம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் தொலைபேசியில் அழைப்பாராம். சென்ற ஆண்டு காலமாகிவிட்டார்.

கைப்பேசித் திரையில் பச்சைக் குறி தோன்றியது. வாழ்வுச் சான்று பதிவாகிவிட்டது என்று கூறினோம். அவர் டாங்கியை இரு கைகளாலும் மேசையில் வைத்தார். “நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் மிகவும் சுத்தமாக இருக்கிறது. எங்கள் வண்டியில் படுக்கைச் சுருளும் வாளியும் கட்டியிருக்கும். தேநீர்ச் சட்டி இருக்கும்” என்று சிரித்துவிட்டு எழுந்தார். அடுத்த எண் அழைக்கப்பட்டது.

திருத்தம்

அன்றிரவு இதை வீட்டில் சொன்னோம். பாட்டி ஒன்றும் பேசவில்லை. மகள் அலமாரியைத் திறந்து கத்தியை எடுத்து வந்தாள்.

திரவம் உருக்கி ஒன்றாக்கியதைப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்று முன்னரே எழுதினோம். கதவின் விளிம்புக் கோட்டில், புதிய அலகு மாட்டிய கத்தியின் முனையை அழுத்தாமல் வைத்து, இழுத்து இழுத்துக் கோட்டை ஆழப்படுத்தினோம். இரண்டு இரவுகள் ஆயின. ஒரு கதவு முழுதாக வந்தது. மற்றொன்று இரண்டாக உடைந்தது. அதை ஒட்டிப் பட்டி பார்த்தோம். ஒடிந்த கீலுக்குப் பதிலாக, எஞ்சிய சட்டத்துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரு பக்கமும் இழுத்து, நூல்போல் மெல்லிய கம்பியாக்கிப் பொருத்தினோம். கதவின் உட்புறம் முழுவதும் கறுப்பு வண்ணம் பூசினோம். பெட்டியோடு வந்த வீரர் பொம்மை ஒன்றை அங்கே நிறுத்தலாமா என்று கேட்டபோது, மகள் வேண்டாம் என்றாள். “அவர் வெளியே வந்துவிட்டார் அல்லவா?” என்றாள்.

கோபுரத்தை இடப்புறமாகச் சற்றுத் திருப்பி, குழல் கதவுக்குக் குறுக்கே வராதபடி வைத்தோம். மெல்லிய காகிதக் கைக்குட்டையை வெள்ளைப் பசை கலந்த நீரில் நனைத்துச் சுருட்டி, படுக்கைச் சுருள்கள் செய்தோம். செம்மண் நிறப் பொடியைச் சக்கரங்களிலும் பட்டைகளிலும் உலர் தூரிகையால் தூவி, அடிப்பாகத்தில் சேறாக்கினோம். சேறும் புழுதியும் எங்கிருந்து தெறித்து எங்கே படியும் என்று எண்ணிப் பார்த்து, அங்கங்கே மட்டும் இட்டோம். முன்பிருந்த பளபளப்பில் பாதி போய்விட்டது. எங்களுள் எவருக்கும் அதில் வருத்தம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றோம். மகள் அவரை மராத்தியில் “ஆஜோபா” என்று அழைத்து, வண்டியைக் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். பீரங்கிக் குழலை விரல்நுனியால் மெல்ல வலப்புறம் தள்ளினார். அது கதவின் மேல் வந்து நின்றது. பிறகு அதை மீண்டும் இடப்புறமாக, முன்பிருந்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே திருப்பினார்.

“இப்போது சரி” என்றார்.

தொடங்க விரும்புவோர்க்கு

இக்கலையில் இறங்க விரும்பும் வாசகர்களுக்கு எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். முதல் வண்டி, உறுப்புகள் குறைந்ததாக இருக்கட்டும். நூற்றுக்கணக்கான உறுப்புகளும் தனித்தனியே கோக்க வேண்டிய சங்கிலிப் பட்டைகளும் கொண்ட பெட்டியில் தொடங்கினால், பாதியில் மனம் சலிக்கும். வெட்டுக்குறடு, கத்தி, உப்புத்தாள், இடுக்கி, நல்ல தூரிகைகள் மூன்று, ஒட்டும் திரவம், ஐந்தாறு வண்ணங்கள் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். காற்றழுத்தத் தெளிப்பான் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். பெட்டியின் விலையோடு இவற்றின் செலவையும் கூட்டிப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

ஒன்றை முடிக்கும் முன் அடுத்த பெட்டியை வாங்காதீர்கள். இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் பலரின் அலமாரிகளில், திறக்காத பெட்டிகள் அடுக்கடுக்காக உறங்குகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எந்தப் பரிமாற்றமும் செய்யாத கணக்கை, வங்கியில் செயற்பாடற்ற கணக்கு என்போம். அத்தகைய பெட்டிகளும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே.

எந்த வண்டியைச் செய்தாலும், அதில் இருந்தவர்கள் எங்கே அமர்ந்தார்கள், எந்த வழியாக வெளியே வந்தார்கள் என்பதை முதலில் தேடி அறியுங்கள். கதவைத் திறந்து வைப்பதா மூடுவதா, குழல் எந்தப் பக்கம் நோக்க வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் விடை அதிலேயே கிடைத்துவிடும். உங்கள் தெருவிலோ உறவிலோ படையிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கக்கூடும். ஒட்டும் திரவத்தைத் திறப்பதற்கு முன் அவரிடம் ஒரு சொல் கேளுங்கள். நாங்கள் இரண்டு இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

இவ்வாண்டு நவராத்திரிக்குப் பாட்டி மீண்டும் வந்திருந்தார். கொலுப்படிகளுக்குக் கீழே, மகள் அமைத்த சிறு வயல்வெளியின் ஓரத்தில் செஞ்சூரியன் நின்றது. சுண்டல் வாங்க வந்த பிள்ளைகள் பீரங்கியைத் தொட்டுத் திருப்பிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு முறையும் பாட்டி எழுந்து வந்து, குழலை இடப்புறமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போய் அமர்ந்தார்.